கல்லூரி பேஸ்பால் அணியின் ஒரு சீசன்: மேல்மலை மாணவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிக்கும் வீடுகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிறார்கள். சிலர் கொடைக்கானலிலேயே படிக்கிறார்கள். பலர் திண்டுக்கல், பழனி, மதுரை என்று மலையிறங்குகிறார்கள். வகுப்பு தொடங்கிச் சில வாரங்களில் விளையாட்டு அணிகளுக்கான தேர்வு அறிவிப்பு வரும். கிரிக்கெட், கபடி, வாலிபால், கூடைப்பந்து என்று நீளும் அந்தப் பட்டியலில் சில கல்லூரிகளில் பேஸ்பாலும் இருக்கும். ஆடிப் பார்த்ததில்லை, ஆடுவதைப் பார்த்ததுமில்லை என்பதால் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படித் தாண்டிப் போக வேண்டாம் என்பதற்காகவே இந்த விளக்கம். ஆட்டம் எப்படி நடக்கிறது, ஒரு கல்லூரி அணியின் சீசன் எப்படி அமைகிறது, நம் பல்கலைக்கழகங்களில் என்ன இருக்கிறது, மலையின் உயரம் பந்தை என்ன செய்யும், சேர விரும்பினால் எங்கே தொடங்குவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

அணிக்கு 9 பேர். களத்தின் நடுப்பகுதி ஒரு சதுரம். அதன் ஒரு மூலையில் ஹோம் பிளேட். மற்ற மூன்று மூலைகளிலும் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி, அதாவது 27.4 மீட்டர். மட்டை பிடிப்பவர் ஹோம் பிளேட் அருகே நிற்பார். பந்தெறியும் பிட்சர் 18.44 மீட்டர் தள்ளிச் சற்றே உயர்த்திய மேட்டில் நின்று எறிவார். பந்து தரையில் குத்தாமல் நேராக வர வேண்டும். மட்டைக்காரருக்குப் பின்னால் முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து குந்தியிருப்பவர் கேட்சர்.

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளி வழியாகப் பந்து போனால் அது ஸ்ட்ரைக். மட்டைக்காரர் வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக்தான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவர் அவுட். அந்த வெளிக்கு அப்பால் போன பந்தை அவர் அடிக்காமல் விட்டால் அதற்குப் பெயர் பால். நான்கு பால் ஆகிவிட்டால் அவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்.

கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு முதலில் வித்தியாசமாகத் தெரிவது, பந்தை எந்தத் திசையிலும் தட்டிவிட முடியாது என்பது. ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வழியாகவும் மூன்றாம் பேஸ் வழியாகவும் இரண்டு கோடுகள் விரிந்து செல்லும். அவற்றுக்கு உள்ளே விழுந்த அடிதான் செல்லும். அப்படி அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். பந்து தரை தொடும் முன் பிடிக்கப்பட்டாலோ, அவர் போய்ச் சேரும் முன் பந்து முதல் பேஸில் நிற்பவரின் கையுறைக்கு வந்துவிட்டாலோ அவுட். மூன்று பேஸையும் தொட்டு மறுபடி ஹோம் பிளேட்டை மிதித்தால் ஒரு ரன். எல்லை வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். அப்போது பேஸ்களில் நிற்கும் தன் அணியினர் எல்லோருக்கும் சேர்த்து ரன் கிடைக்கும்.

மூன்று பேர் அவுட் ஆனதும் மற்ற அணி மட்டை பிடிக்கும். இப்படி இரு அணிகளும் ஒரு முறை மட்டை பிடித்தால் ஓர் இன்னிங்ஸ். முழு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். சமநிலை ஆனால் கூடுதல் இன்னிங்ஸ் உண்டு.

மட்டை பிடிப்பவர்கள் ஒரே வரிசையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆகவே ஓர் ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு வாய்ப்புகள். பத்து முயற்சிகளில் மூன்று முறை அடித்துப் பேஸைப் பிடிப்பவரை உலகம் நல்ல மட்டைக்காரர் என்று மதிக்கிறது. அப்படியானால் ஒரு நாள் நான்கு வாய்ப்பிலும் தோற்றவரைத் திறமையற்றவர் என்று சொல்லிவிட முடியாது. நான்கிலும் வென்றவரை மேதை என்றும் சொல்லிவிட முடியாது. யார் எப்படிப்பட்டவர் என்று தெரிய நூறு, இருநூறு வாய்ப்புகள் வேண்டும். பேஸ்பாலுக்கு நீண்ட சீசன் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இது.

அமெரிக்கக் கல்லூரியில் ஒரு சீசன்

கல்லூரி பேஸ்பால் முழுமையாக வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே முதல்நிலைக் கல்லூரி அணிகளின் ஓராண்டு இப்படிப் போகும். செப்டம்பர், அக்டோபரில் பயிற்சியும் தங்களுக்குள் ஆட்டமும். பிப்ரவரி நடுவில் போட்டிகள் தொடக்கம். வடக்கே அப்போது பனி மூடியிருக்கும் என்பதால் அந்தப் பகுதிக் கல்லூரிகள் முதல் சில வாரங்கள் தெற்கே பயணம் செய்து ஆடும். அதன்பின் மே வரை ஒவ்வொரு வாரமும் வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள். வார நடுவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றுடன் ஓர் ஆட்டம். இந்த வழக்கமான கட்டத்தில் ஓர் அணி அதிகபட்சம் 56 ஆட்டங்கள் ஆடலாம்.

பிறகு கடைக்கட்டம். நாடு முழுவதிலிருந்தும் 64 அணிகள் தேர்வாகும். நான்கு நான்காக 16 இடங்களில் ஆடுவார்கள். ஒரு தோல்வியில் யாரும் வெளியேறுவதில்லை. இரண்டு முறை தோற்றால்தான் வீட்டுக்கு. வென்ற 16 அணிகள் இரண்டிரண்டாக மோதும், மூன்று ஆட்டத் தொடரில். மிஞ்சும் 8 அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் கூடும். கல்லூரி உலகத் தொடர் என்று அதற்குப் பெயர். 1947-இல் தொடங்கிய இந்தத் தொடர் 1950 முதல் ஒமாஹாவில் நடந்துவருகிறது.

ஓர் அணியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் 2019-ஆம் ஆண்டு அணி. பயிற்சியாளர் டிம் கார்பின். அந்த அணியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்திருந்த பிட்சர் குமார் ராக்கர். தாய் வழியில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர்.

அந்த ஆண்டு ஜூன் மாதம், ஒமாஹாவுக்கு முந்தைய மூன்று ஆட்டத் தொடரில் வாண்டர்பில்ட் டியூக் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டது. முதல் ஆட்டத்தில் 18-5 என்று படுதோல்வி. மறுநாள் தோற்றால் சீசன் முடிந்தது. அந்த நாளில் பந்து குமார் ராக்கர் கையில். 9 இன்னிங்ஸும் அவரே எறிந்தார். 19 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். எதிரணியில் ஒருவர்கூட அடித்துப் பேஸைப் பிடிக்கவில்லை. 6-0 வெற்றி. மூன்றாம் ஆட்டத்தையும் வென்று அணி ஒமாஹா போனது. இறுதித் தொடரில் மிச்சிகனிடம் முதல் ஆட்டத்தை இழந்தது. அடுத்த இரண்டையும் வென்று கோப்பையை எடுத்தது. தொடரின் சிறந்த வீரர் விருது ராக்கருக்கு. பின்னாளில் அவர் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக 2024-இல் அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீகில் அறிமுகமானார்.

அந்த ஆண்டு வாண்டர்பில்ட் ஆடியது 71 ஆட்டங்கள். வென்றது 59, தோற்றது 12. பன்னிரண்டு முறை தோற்ற அணிதான் நாட்டின் சாம்பியன். 18-5 என்ற தோல்வியிலிருந்து மறுநாளே எழுந்து நிற்க அந்த அணிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் நிலைமைக்கு வரும்போது இந்தக் கணக்கு மறுபடி தேவைப்படும்.

எல்லாம் பிட்சரின் கையைச் சுற்றித்தான்

சீசன் ஏன் வாரக்கணக்கில் பரந்து கிடக்க வேண்டும் என்பதற்கு இரண்டாவது காரணம், பிட்சரின் தோளும் முழங்கையும்.

நல்ல கல்லூரி பிட்சர் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் எறிவார். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளரைப் போல ஓடிவந்து வேகம் சேர்க்க அவரால் முடியாது. நின்ற இடத்தில் ஒரு காலைத் தூக்கி, ஓர் எட்டு முன்வைத்து, இடுப்பையும் தோளையும் திருப்பி, முழங்கையை மடக்கி நீட்டி எறிய வேண்டும். அந்த ஒரு நொடிக்குள் முழங்கையின் உட்பக்கத் தசைநார் மீது பெரும் இழுவிசை விழுகிறது. போதிய ஓய்வில்லாமல் தொடர்ந்து எறிந்தால் அது கிழியும். கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த நாரைப் பொருத்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார். இன்றும் அதற்கு டாமி ஜான் சிகிச்சை என்றே பெயர். மீண்டும் ஆட ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

அதனால்தான் எறிதலை எண்ணுகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறை லீகும் அந்நாட்டு பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து தந்துள்ள வழிகாட்டுதலின்படி, 19 முதல் 22 வயதுள்ளவர் ஒரு நாளில் 120 எறிதலைத் தாண்டக் கூடாது. 80-ஐத் தாண்டிவிட்டால் குறைந்தது 4 நாள் எறியாமல் இருக்க வேண்டும். ஆகவே ஓர் அணிக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிட்சர், சனிக்கு ஒருவர், ஞாயிறுக்கு ஒருவர் என்று மூன்று பேர் முதன்மையாக வேண்டும். அவர்கள் களைத்ததும் நடுவில் வந்து எறிய இன்னும் சிலர். வார நடு ஆட்டம் இளையவர்களுக்கான வாய்ப்பு. ஒரு சீசனை நடத்திச் செல்லும் பயிற்சியாளரின் வேலையில் பெரும்பங்கு, யார் கை எப்போது ஓய்ந்திருக்கிறது என்ற கணக்குதான்.

நம் பல்கலைக்கழகங்களில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் பேஸ்பாலுக்கான தேசியக் கூட்டமைப்பு 1983-இல் தொடங்கப்பட்டது. மணிப்பூரில் இந்த ஆட்டத்தின் மீதான பற்று அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு வந்திருந்த அமெரிக்க வீரர்களோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். பல்கலைக்கழக அளவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அகில இந்தியப் பேஸ்பால் போட்டி நடத்துகிறது.

படிகள் இவை. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் அணியைத் தேர்ந்தெடுப்பார். அந்த அணி தன் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடும். அங்கே நன்றாக ஆடியவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமையும். அது மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோதும். அணிகள் நிறைய உள்ள ஆட்டங்களில் முதலில் மண்டலப் போட்டி, பிறகு அகில இந்தியப் போட்டி. அணிகள் குறைவான ஆட்டங்களில் நேராக அகில இந்தியப் போட்டி.

இங்கேதான் வேறுபாடு வருகிறது. நம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் ஒரே மைதானத்தில் சில நாள்களில் முடிந்துவிடும். தோற்றால் வெளியே என்ற முறையில் நடந்தால் ஒரு கல்லூரி அணியின் முழு ஆண்டும் ஒரே காலைப்பொழுதில் தீர்ந்துபோகலாம். 18-5 என்று தோற்ற வாண்டர்பில்ட் நம் முறையில் ஆடியிருந்தால் அன்று மாலையே பேருந்து ஏறியிருக்கும். குமார் ராக்கர் மறுநாள் எறிந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கைக்கும் இது கெடுதல். இரண்டு மூன்று நாளில் நான்கு ஆட்டம் என்றால், அணியில் நன்றாக எறியத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் என்னும்போது, அவரையே மறுபடி மறுபடி எறியச் சொல்வார்கள். பிள்ளையும் கல்லூரிக்காக மறுக்காமல் எறிவான். அப்படி எறிந்த கைக்கு வரும் வலி சான்றிதழில் தெரியாது.

எறியும் திறனுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2008-இல் அமெரிக்க முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் இந்தியாவில் வேகமாகவும் குறி தவறாமலும் எறிபவர்களைத் தேடி ஒரு போட்டி நடத்தினார். அதில் தெரிவான உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். அதுவரை பேஸ்பாலே ஆடாதவர்கள். சில மாதப் பயிற்சியிலேயே அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பு அவர்களை ஒப்பந்தம் செய்தது. அவர்கள் கதையை 2014-இல் டிஸ்னி படமாக்கியது; இசை ஏ. ஆர். ரஹ்மான். இருவரும் கீழ்நிலை லீகுகளோடு நின்றுவிட்டார்கள். கை வேகத்தைச் சில மாதத்தில் கண்டுபிடித்துவிடலாம். எப்போது எந்தப் பந்தை எறிவது, பேஸில் ஓடக் காத்திருப்பவரை எப்படிக் கட்டிப்போடுவது என்பதெல்லாம் பள்ளியிலும் கல்லூரியிலும் பல சீசன் ஆடியவருக்கே கைவரும். அந்த ஆண்டுகள் அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை.

கொடைக்கானலுக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு பழைய இழை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் என்றொரு கல்லூரி. 1806-இல் அதன் மாணவர்கள் ஐந்து பேர் மழைக்கு ஒரு வைக்கோற்போரருகே ஒதுங்கி நின்று வேண்டிக்கொண்ட கூட்டத்திலிருந்து பிறந்த எண்ணம், 1810-இல் அமெரிக்க மிஷன் வாரியமாக உருவெடுத்தது. அந்த வாரியம் 1834-இல் மதுரையில் தன் பணியைத் தொடங்கியது. வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் பழனி மலைமேல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். இன்றைய கொடைக்கானல் நகரம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக அங்கே தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.

அதே வில்லியம்ஸ் கல்லூரி 1859 ஜூலை 1 அன்று பக்கத்து ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியுடன் பிட்ஸ்ஃபீல்டு நகரில் ஆடியது. இரு கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் என்று வரலாற்றில் நிற்பது அதுதான். அன்றைய விதி வேறு. பக்கத்துக்கு 13 பேர். ஆம்ஹெர்ஸ்ட் 73-32 என்று வென்றது. கொடைக்கானலுக்கு ஆள் அனுப்பிய இயக்கமும் கல்லூரி பேஸ்பாலும் ஒரே கல்லூரியைத் தொட்டுக்கொண்டு வந்திருக்கின்றன.

அமெரிக்காவிலிருந்து வந்த மற்ற ஆட்டங்கள் தமிழ்நாட்டில் வேர்பிடித்தன. 1891-இல் கூடைப்பந்தும் 1895-இல் வாலிபாலும் மாசசூசெட்ஸில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர்கள் உருவாக்கியவை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கு பயின்ற ஆசிரியர்கள் வழியாக இத்தகைய ஆட்டங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பரவின. இன்று மேல்மலையிலும் வாலிபால் வலை கட்டாத ஊர் அரிது. வாலிபாலுக்கு ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். ஊர்ச் சாவடிக்கு முன்னால்கூட ஆடிவிடலாம். பேஸ்பாலுக்கோ பெரிய மைதானமும் ஆளுக்கொரு கையுறையும் வேண்டும். மைதானம் இருந்த இடத்தில் கிரிக்கெட் முன்பே குடியேறியிருந்தது. பேஸ்பால் பின்தங்கியதற்கு இவை போதுமான காரணங்கள். திறமையின்மை அந்தக் காரணங்களில் இல்லை.

உயரம் பந்தை என்ன செய்யும்?

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பேஸ்பாலில் இது சிறிய விஷயமல்ல.

காற்று மெலிந்தால் பறக்கும் பந்துக்குத் தடை குறையும். அடித்த பந்து அதிகத் தூரம் போகும். 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வர் நகர மைதானம் இதற்காகவே பெயர் பெற்றது. ஹோம் ரன்கள் அளவுக்கு மீறிப் போனதால், பந்துகள் வறண்டு போகாமல் ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கும் வழக்கத்தை 2002-இல் அங்கே தொடங்கினார்கள். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மெக்சிகோ நகரில் 2023 ஏப்ரலில் சான் டியாகோ, சான் பிரான்சிஸ்கோ தொழில்முறை அணிகள் ஆடியபோது ஒரே ஆட்டத்தில் 11 ஹோம் ரன்கள் பறந்தன, ஸ்கோர் 16-11. கொடைக்கானலின் காற்று டென்வரைவிட மெலிது, மெக்சிகோ நகரத்துக்கு நெருக்கம்.

பிட்சருக்கு இதே காற்று எதிரி. சுழலும் பந்து வளைவது அதன் இரு பக்கமும் காற்று வெவ்வேறு விதமாகத் தள்ளுவதால். காற்று குறைந்தால் தள்ளலும் குறையும், வளைவும் குறையும். மலைமேல் எறிந்து பழகியவர் மதுரையில் ஆடும்போது, அதே விரல், அதே சுழற்சி, ஆனால் பந்து அதிகம் வளைவதைக் காண்பார். குறி தப்பும். சமவெளி அணி மலைக்கு வந்தால் அவர்களுடைய வளைவுப் பந்து நேராக வந்து மட்டையில் மாட்டும்.

இதிலிருந்து மலை அணிக்கு மூன்று பாடங்கள். மேலே பயிற்சி செய்யும்போது எல்லைப்புறத்தில் நிற்பவர்கள் சில எட்டுகள் பின்தள்ளி நிற்க வேண்டும். கீழே ஆடப் போனால், ஆட்டத்துக்கு முதல் நாளே பிட்சர்கள் அங்கே எறிந்து பார்த்துக் குறியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். குளிரில் பழகிய உடல் சமவெளி வெயிலில் விரைவில் தளரும் என்பதால் தண்ணீரும் நிழலும் முதலிலேயே ஏற்பாடாக வேண்டும்.

சேர விரும்பினால் எங்கே தொடங்குவது?

முதல் வேலை, கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடம் போய்ப் பேஸ்பால் அணி இருக்கிறதா என்று கேட்பது. மாணவிகளும் தயங்காமல் கேட்கலாம். பெண்களுக்கும் பல்கலைக்கழகப் போட்டி உண்டு என்று மேலே பார்த்தோம். 1984 முதல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம், அன்னை தெரசா பெயரில், கொடைக்கானலிலேயே இயங்குகிறது.

கிரிக்கெட்டில் எல்லையிலிருந்து நேராக ஸ்டம்புக்கு எறியத் தெரிந்தவர், ஈட்டி எறிந்தவர், கபடியில் கால் வேகம் உள்ளவர் ஆகியோர் இந்த ஆட்டத்துக்குப் பாதி தயாரானவர்கள். புதிதாகப் பழக வேண்டியது இரண்டு. ஒன்று, எறியாத கையில் கையுறை மாட்டிப் பந்தை வாங்குவது. வலக்கையால் எறிபவர் இடக்கையில் மாட்ட வேண்டும். மற்றொன்று, உருளை மட்டையால் தரை தொடாமல் வரும் பந்தை அடிப்பது. கிரிக்கெட் மட்டையைப் போலத் தட்டையான முகம் இதற்கு இல்லை. அதனால் முதல் சில வாரங்கள் பந்து மேலேயோ கீழேயோ சிதறும். அது எல்லோருக்கும் நேர்வதுதான்.

கேட்சருக்கு முகக்கவசமும் மார்புக்கவசமும், மட்டை பிடிப்பவருக்கும் ஓடுபவருக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம். இவை இல்லாமல் கடினப் பந்தில் ஆட வேண்டாம். எறிபவர் ஒவ்வொரு நாளும் எத்தனை எறிந்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். முழங்கையின் உட்பக்கம் வலித்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கவுஞ்சி போன்ற ஊர்களில் நிலமெல்லாம் படிப்படியாக வெட்டிய சரிவு. நூறு மீட்டர் சமதரை கிடைப்பது கடினம். அங்கே இருந்தபடியே தொடங்க ஒரு வழி உண்டு. உலகப் பேஸ்பால் அமைப்பு பேஸ்பால்5 என்ற சிறு வடிவத்தை வளர்த்துவருகிறது. அணிக்கு 5 பேர், 5 இன்னிங்ஸ், பேஸ்களுக்கு இடையே 13 மீட்டர். மட்டையும் கையுறையும் இல்லை. ஒரு ரப்பர் பந்தை மட்டைக்காரர் தானே கையால் அடித்துவிட்டு ஓடுவார். பள்ளி முற்றம் போதும். பேஸில் ஓடுவதும், பந்தை எடுத்து உடனே சரியான பேஸுக்கு எறிவதும் இதிலேயே பழகிவிடும். 2026-இல் செனகலின் டாக்கர் நகரில் நடக்கவிருக்கும் இளையோர் ஒலிம்பிக்கில் இது பதக்க ஆட்டமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களின் பேஸ்பாலும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் திரும்ப வருகிறது.

ஒரு சிறு சீசனைத் தொடங்கலாம்

56 ஆட்டங்கள் நமக்கு இன்று எட்டாது. அதற்கான பணமும் மைதானமும் இல்லை. ஆனால் நான்கு கல்லூரிகள் ஒத்துக்கொண்டால் ஒரு சிறு லீக் முடியும். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளுடன் இரண்டு முறை ஆடட்டும். அணிக்கு 6 ஆட்டங்கள், மொத்தம் 12. ஒரு சனிக்கிழமையில் ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம் வைத்தால் ஆறு சனிக்கிழமைகளில் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியிலிருந்து மார்ச் வரை மலையில் இதற்கு ஏற்ற காலம். உறைபனி விழும் நாள்களில் மட்டும் வெயில் ஏறிய பிறகு தொடங்கினால் போதும்.

இந்த ஆறு வாரங்கள் என்ன தரும்? தோற்ற அணிக்கு அடுத்த சனிக்கிழமை இருக்கும். மட்டைக்காரருக்கு நான்குக்குப் பதில் இருபதுக்கு மேல் வாய்ப்பு கிடைக்கும். பிட்சரின் கைக்கு ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே முழு வாரம் ஓய்வு. பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு காலைப்பொழுதை நம்பாமல் ஆறு ஆட்டங்களின் கணக்கு கையில் இருக்கும்.

உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோப்பைப் போட்டிக்கு அணி அனுப்புவதோடு நிறுத்தாமல், பக்கத்துக் கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்து ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்மலை மாணவர்களே, அறிவிப்புப் பட்டியலில் பேஸ்பால் இருந்தால் இந்த ஆண்டு அதைத் தாண்டிப் போகாதீர்கள். தேர்வு நாளில் மைதானத்துக்குப் போய் ஒரு பந்தை எறிந்து பாருங்கள்.